இருபத்தேழாம் எண்ணில் கேட்ட கேள்விகள்

“நல்ல கேள்வி!” என்று திரையில் வந்தது.

அவள் டேப்லெட்டைக் கவிழ்த்துப் போட்டாள். கொஞ்ச நேரம் அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் 27 என்று ஒட்டியிருந்தது. மறுபடி நிமிர்த்தினாள். அது இன்னும் விடவில்லை. ஒரு தெர்மாமீட்டர் வரைந்து, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் குளிரை நீல நிறத்தில் காட்டி, “இப்போது நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டிருந்தது.

ஒற்றை விரலால் தட்டினாள். ‘குளிரைக் குளிரால் எப்படிப் பெருக்குவது, மடையா.’

“நல்ல கேள்வி! வேறு விதமாக முயல்வோமா?”

‘உன் மூஞ்சியில் தீயை வைக்க.’

“நாம் மரியாதையாகப் பேசிக்கொள்வோம். சரி, ஒரு கோட்டில் நீ நின்றுகொண்டிருப்பதாகக் கற்பனை செய்துகொள்.”

ஐந்தாவது பீரியட் முடியும் மணி அடித்தது. அவள் எழுந்து டேப்பை அலமாரியில் அதன் இடத்தில் செருகினாள். சார்ஜ் ஒயரை மாட்டினாள். அலமாரியைப் பூட்டி, ஸ்டோர் ரூமையும் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனாள். அங்கே பூகோள டீச்சர் லீவு.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. பள்ளியில் பத்தொன்பது வருடம். பதிவேட்டில் அவள் வேலைக்குப் பெயர் பதிலி ஆசிரியை. பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்டெப்னி. காரின் டிக்கியில் கிடக்கும் ஐந்தாவது சக்கரம். எந்தச் சக்கரம் பஞ்சரானாலும் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. சொன்ன பிள்ளைக்கு இப்போது பிள்ளை இருக்கும். பெயர் மட்டும் வகுப்பு வகுப்பாகக் கைமாறி வந்துகொண்டிருந்தது. டீச்சர்களும் அவள் இல்லாதபோது அப்படித்தான் சொன்னார்கள். அது அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

படித்தது சரித்திரம். பள்ளியில் ஒரு நாளும் சரித்திரம் எடுத்ததில்லை. சரித்திர சார் லீவு போடுவதில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதருக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை.

மற்ற எல்லாப் பாடமும் எடுத்தாள். தெரியாத பாடத்தை எடுக்க ஒரு வழி வைத்திருந்தாள். முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற ஒருத்தியைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, “போடு” என்பாள். அவள் போட்டு முடித்ததும் வகுப்பைப் பார்த்து, “சரியா?” என்பாள். “சரி மிஸ்” என்று சத்தம் வரும். சத்தம் பலமாக வந்தால் டிக் போடுவாள். மெலிதாக வந்தால், “இன்னொரு தடவை பாரு” என்பாள். விஞ்ஞானத்துக்கு இதுவும் வேண்டியதில்லை. புத்தகத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தால் போதும். நிலா விழாமல் இருப்பதற்குக் காரணம் ஈர்ப்பு விசை என்று எத்தனையோ வகுப்புகளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். இழுத்தால் விழத்தானே வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் டேப்புகள் வந்தன. கம்பெனி ஆள் ஒருவர் ஹாலில் ஒன்றரை மணி நேரம் பேசினார். எல்லாப் பாடமும், எல்லா நேரமும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு ஆசிரியர் என்றார். லீவே போடாத ஆசிரியர் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர் திரும்பிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார்கள்.

அதற்குக் கற்றல் துணை என்று பெயர். எது கேட்டாலும் நல்ல கேள்வி என்று ஆரம்பித்ததால் பிள்ளைகள் நல்லகேள்வி என்றார்கள். பதிலைச் சொல்லாது. திருப்பிக் கேட்கும். மூன்று தடவை புரியவில்லை என்று அடித்தால், “இதை உன் ஆசிரியரிடம் கேட்டுப் பார்” என்று சொல்லித் திரையைச் சிவப்பாக்கும். பிள்ளை தலையைத் தூக்கி ஆசிரியரைப் பார்க்கும்.

ஆசிரியர்களுக்குக் கொடுத்தது கண்காணிக்கிற திரை மட்டும். யார் படிக்கிறார்கள், யார் கனவு காண்கிறார்கள், யார் சிவப்பு என்று பார்க்கலாம். கேள்வி கேட்க முடியாது. ஆசிரியருக்கும் சந்தேகம் வரும் என்று அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை. பள்ளியில் யாரும் அதைக் கேட்டு வாங்கவும் இல்லை. கேட்டால் சந்தேகம் இருக்கிறது என்று ஆகிவிடும்.

டேப்பு வந்த பிறகு அவள் வேலை வகுப்பில் உட்கார்ந்திருப்பது என்று ஆனது. அதோடு அலமாரிச் சாவியும் அவளிடம் வந்தது.

எட்டாம் வகுப்பு ஏ பிரிவில் வக்கீல் என்று ஒரு பெண் இருந்தாள். எதற்கும் மறுபேச்சு பேசுகிறவள் என்பதால் அந்தப் பெயர். உட்காரச் சொன்னால் ஏன் என்பாள், உட்கார்ந்த பிறகு. அவளுக்கும் ஸ்டெப்னிக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஆகாது. கணக்கு சார் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போன ஒரு நாள் அந்தப் பெண்ணின் திரை சிவப்பானது. அவள் கையைத் தூக்கவில்லை. எழுந்தே நின்றாள்.

“மிஸ், மைனசை மைனசால பெருக்கினா ஏன் பிளஸ் வருது?”

“அது ரூல்.”

“ரூல்னு எனக்கும் தெரியும் மிஸ். ஏன்?”

“ரூல்னா ரூல்தான். ஏன்னு கேக்கக் கூடாதுன்னுதான் ரூல் போட்டிருக்கான்.”

“அதுக்கும் தெரியல, உங்களுக்கும் தெரியல. அதுவாவது பேட்டரி தீந்தா நிக்கும்.”

வகுப்பு மேஜையைத் தட்டிச் சிரித்தது. “வெளியே போ” என்றாள். “எதுக்கு மிஸ், கேள்வி கேட்டதுக்கா?” என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் வெளியே போனாள். அதையும் கேட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் மாடிப்படியில் இறங்கும்போது வக்கீல் விழுந்து கால் ஒடிந்தது. மாவுக்கட்டு. ஆறு வாரம் வரமாட்டாள் என்றார்கள். செய்தியைக் கேட்டு ஸ்டெப்னி வருத்தப்படவில்லை. ஆறு வாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வக்கீல் நொண்டிக்கொண்டு வந்து உட்காரும் முதல் நாளே அவளை எழுப்பி நிறுத்தி, அந்தக் கேள்விக்குப் பதிலைச் சொல்லி, உட்கார வைக்க வேண்டும்.

வக்கீலின் இருபத்தேழாம் டேப்பு சும்மா கிடந்தது. பாஸ்வேர்டு நான்கு பூஜ்யம். எல்லா டேப்புக்கும் முதலில் கொடுத்தது அதுதான். பாதிப் பிள்ளைகள் மாற்றவில்லை. தினமும் ஐந்தாவது பீரியட் அவளுக்கு ஓய்வு. ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள்.

ஒரு கேள்வியோடு நிற்கவில்லை. பத்தொன்பது வருடம் வாசித்துக் காட்டியது எல்லாம் வரிசையில் வந்து நின்றது. இதயம் இடது பக்கம் இருக்கிறதென்றால் வலது பக்கம் படுத்தால் என்ன ஆகும்? கடல் உப்பு, ஆறு ஏன் உப்பு இல்லை? தேற்றம் என்றால் என்ன, ஒருத்தன் நிரூபித்துவிட்டான் என்றால் நான் ஏன் மறுபடி நிரூபிக்க வேண்டும்? அது எல்லாவற்றுக்கும் நல்ல கேள்வி என்றது. நீ என்ன நினைக்கிறாய் என்றது. ‘நினைக்கத் தெரிந்தால் உன்னிடம் ஏன் வருகிறேன்’ என்று அடித்தாள். ஒரு பெரிய மனுஷியை அது நீ என்று கூப்பிட்டது முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகு அவளும் அதை டேய் போட ஆரம்பித்தாள்.

பதினோராவது நாள் நிலா பிடிபட்டது. வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொன்னாள். அவர் கார் ஓட்டப் பழக்கும் பள்ளியில் வேலை செய்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடியே முப்பது வருடம் போயிருந்தது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்.

“நிலா விழுந்துக்கிட்டேதாங்க இருக்கு” என்றாள்.

“எங்க?”

“பூமி மேல. ஆனா பக்கவாட்டுல ரொம்ப வேகமாப் போறதால தரை கிடைக்க மாட்டேங்குது. விழுது, விழுது, தரையே வரல.”

அவர் யோசித்தார். “நம்ம குடும்பம் மாதிரின்னு சொல்லு.”

“உங்ககிட்ட சொன்னேன் பாருங்க.”

“கோவிச்சுக்காதம்மா. யாரு சொல்லிக் குடுத்தா?”

“அந்த மெஷின்தான். ஒரு பீரியட் முழுக்க அதோட சண்டை.”

“அது யாரோட டேப்பு?”

“அந்த வாயாடியோடது.”

“எல்-போர்டு வண்டியை நான் ஓட்டி இடிச்சா, பழக வந்தவன் தலையிலதான் எழுதுவாங்க. தெரியுமில்ல?”

“இங்க யாரு இடிச்சா? தினம் நல்ல கேள்வி, நல்ல கேள்வின்னு சொல்லுது.”

அவள் அதை நம்பியும் இருந்தாள். முழுக்க இல்லை. பாதி. பத்தொன்பது வருடத்தில் அந்தப் பள்ளியில் வேறு யாரும் அவளிடம் எதையும் நல்லது என்று சொன்னதில்லை.

ஐந்தாவது வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் தொங்கியது. கற்றல் துணை ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி எழுதிக் கொடுத்த அறிக்கையை வைத்து, பின்தங்கியவர்களை அடிப்படைப் பிரிவுக்கு மாற்றும் பட்டியல். அங்கே போனால் கணக்கு பாதிதான். ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானம் எடுக்க முடியாது. எட்டு ஏ-யிலிருந்து ஒரே ஒரு பெயர். வக்கீல்.

நல்லா வேணும் என்றுதான் முதலில் நினைத்தாள். பெயருக்குப் பக்கத்தில் 27 என்று போட்டிருந்தது. கையில் டீ இருந்தது. குடித்து முடித்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தாள்.

அன்று தலைமை ஆசிரியையான பெரிய மேடத்தின் அறையை இரண்டு தடவை தாண்டிப் போனாள். அடுத்த நாளும் போனாள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண் ஐந்து வாரமாக ஆப்சென்ட் என்று சிவப்பு மையில் இருந்தது. அது காகிதத்தில் இருந்தது. அறிக்கை கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது யார் வேலையும் இல்லை. பார்த்தால் தானாகத் தெரிந்துவிடும், நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். மூன்று நாள் இப்படிப் போனது.

நான்காவது நாள் வக்கீலின் தாய் வந்தாள். கிளினிக் லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊரில் பாதிப் பேர் கையில் ஊசி குத்தியிருப்பாள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். பின்னால் அக்குளில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு மகள். ஸ்டோர் ரூம் சாவி நோட்டை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி ஸ்டெப்னிக்கு ஆள் வந்தது. சாவி வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு. சாவியை வைத்திருப்பவள் போட வேண்டியதில்லை. நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

“உக்காருங்கம்மா” என்றார் பெரிய மேடம்.

“உக்கார வரல மேடம். என் பொண்ணு அஞ்சு வாரமா கட்டில்ல கிடக்கா. உங்க மெஷின் அவ தினம் நாப்பது நிமிஷம் படிச்சான்னு சொல்லுது. ஒண்ணு உங்க மெஷின் பொய் சொல்லுது. இல்ல என் வீட்டுக் கட்டில் பொய் சொல்லுது.”

“வேற போன்லேருந்தும் அவ பேர்ல உள்ள போகலாம்.”

“வீட்டுல இருக்கிறது ஒரு போன். அது பகல் பூரா என் பையில. நான் லேப்ல.”

“அப்ப அவ பாஸ்வேர்டை வேற யாருக்கோ குடுத்திருக்கா. அது இதைவிடப் பெரிய தப்பும்மா. அவளே கேட்டிருந்தா அடிப்படைப் பிரிவு. வேற யாருக்கோ குடுத்திருந்தா ஒழுங்கு நடவடிக்கை. அப்பவும் ஏ பிரிவுல வச்சிருக்க முடியாது. யாருன்னு பேர் சொல்லட்டும், இப்பவே பட்டியல்லேருந்து எடுத்துடறேன்.”

“யாருக்கும் குடுக்கல மேடம்” என்றாள் மகள். “நாலு பூஜ்யத்தை யாருக்காவது குடுக்கணுமா? எல்லார்கிட்டயும்தான் இருக்கு.”

“பாத்தீங்களா, பேச்சை!”

“பேச்சுக்கு என்ன குறைச்சல். ஆனா அவ சொல்றது சரிதானே?” என்றாள் தாய்.

கணக்கு சார் ஓரமாக உட்கார்ந்து, இருபத்தேழாம் எண்ணில் பதிவான கேள்விகளைக் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். நாடகத்தில் படிப்பதுபோல் குரலை ஏற்றி இறக்கினார்.

“கேளுங்க மேடம். ‘மைனசை மைனசால் பெருக்கினால் ஏன் பிளஸ்?’ ஒன்பது தடவை. ‘நிலா ஏன் விழவில்லை? ஈர்ப்பு என்று சொல்லாதே, அது எனக்கே தெரியும்.’ ‘வலது பக்கம் படுத்தால் இதயம் என்ன ஆகும்?’ இது அருமை. ‘குளிரைக் குளிரால் எப்படிப் பெருக்குவது, மடையா.’”

பெரிய மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாய்க்கும் சிரிப்பு வந்தது.

“என் பொண்ணுக்கு வாய் உண்டு, ஒத்துக்கறேன். இவ்வளவு மக்கு இல்ல சார். எந்த மண்டு கேட்டுச்சோ.”

ஸ்டெப்னி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரை தாங்க முடிந்தது. இதைவிட மோசமாக ஸ்டாஃப் ரூமில் கேட்டிருக்கிறாள்.

பெரிய மேடம் அறிக்கையை எடுத்தார். “கடைசியில என்ன எழுதியிருக்குன்னு நீங்களே கேளுங்கம்மா. ‘அடிப்படைக் கருத்துகளில் தெளிவு இல்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். எளிதில் பொறுமை இழக்கிறார். இந்த நிலைப் பாடத்துக்கு ஏற்றவர் அல்லர்.’”

“அதுவா எழுதுச்சு?”

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

“எது டீச்சர்?”

“அந்த மெஷின். அதுவே எழுதுச்சா, நீங்க எழுதினீங்களா?”

“அதுதான். நாங்க எதுக்கு எழுதறோம்?”

“அஞ்சு வாரம் தினம் நல்ல கேள்வி, நல்ல கேள்வின்னுச்சு மேடம். ஒன்பது தடவையும் நல்ல கேள்வின்னுச்சு. முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லிட்டு, பின்னாடி உங்ககிட்ட வந்து மண்டுன்னு எழுதிக் குடுத்திருக்கு. மனுஷன்கூட இப்படிப் பண்ண மாட்டான்.” நிறுத்தினாள். “பண்ணுவான். ஆனா பண்ணுவான்னு நமக்கு முன்னாடியே தெரியும்.”

பெரிய மேடம் அறிக்கையைக் கீழே வைத்தார். “டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?”

“கேட்டது நான்தான். அவ்வளவு கேள்வியும் நான் கேட்டது.”

முதலில் பேசியது வக்கீல். “என் டேப்புலயா?”

“உன் டேப்புலதான்.”

“எதுக்கு?”

“நீ திரும்பி வரும்போது பதில் சொல்லணும்னு.”

“தெரிஞ்சுதா?”

“இல்ல.”

கணக்கு சார் காகிதத்தை மடித்தார். “இருபது வருஷமா வகுப்பெடுக்கறீங்க டீச்சர்.”

“பத்தொன்பது. நீங்க சொல்லுங்க சார். ஏன் பிளஸ்?”

“அது ரூல் டீச்சர். இதைப் போயி—”

“மிஸ்ஸும் அதையேதான் சொன்னாங்க” என்றாள் வக்கீல்.

“நீ வாயை மூடு” என்றாள் தாய். பிறகு ஸ்டெப்னியின் எதிரே வந்து நின்றாள். ஸ்பிரிட் வாசனை அடித்தது. “உங்களுக்குத் தெரியாததைக் கொண்டுபோய் என் பொண்ணு தலையில கட்டியிருக்கீங்க. நாலு நாளா போர்டுல அவ பேரு தொங்குது. பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“பாத்துட்டும் சும்மா இருந்தீங்க.”

“இருந்தேன்.”

“உங்க பிள்ளையா இருந்தா இருப்பீங்களா?”

தாய் மகளின் கட்டையைப் பிடித்துத் திருப்பி நடக்க வைத்தாள். கதவு குறுகலாக இருந்ததால் ஸ்டெப்னி ஒதுங்க வேண்டியிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார் பெரிய மேடம். “சாவியை இங்க வச்சிடுங்க.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டே முக்காலுக்கு ஆபீஸ் கிளார்க் நோட்டீஸ் போர்டின் கண்ணாடியைத் திறந்து, பட்டியலில் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்துப் பெரிய மேடத்தின் சுருக்கொப்பம் வாங்கினார். கம்பெனிக்குப் போன் செய்தார்கள். பதிவானதை அழிக்க அடுத்த மாதம் வரை ஆகும் என்றார்கள். அதனால், கட்டைகளை ஊன்றிக்கொண்டு அன்றே வகுப்புக்கு வந்துவிட்ட வக்கீல் டேப்பைத் திறந்தபோது அது அடிப்படைப் பாடத்திலிருந்து தொடங்கியது. ஐந்தும் மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டது. அவள் எட்டு என்று அடித்தாள். அருமை என்றது. அவள் டேப்பை மூடிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டாள்.

பதிலி ஆசிரியைக்கு அன்று மூன்று பீரியட் வந்தது. பதிலி வகுப்புச் சீட்டில் பாடத்தின் பெயர் இருக்கும் இடத்தில் மேற்பார்வை மட்டும் என்று எழுதியிருந்தது. எட்டாம் வகுப்பு அதில் இல்லை. ஆறு பி-யில் ஒரு திரை சிவப்பானது. கணக்கு சாரிடம் போய்க் கேள் என்று சொன்னாள். ஐந்தாவது பீரியட் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தாள். சரித்திர சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கணக்கு சார் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஸ்டோர் ரூம் சாவி இப்போது லேப் உதவியாளரிடம் இருந்தது.

நான்கு பத்துக்கு மணி அடித்தது. எட்டு ஏ-யின் பதிவேட்டில் அன்றைய எண்ணிக்கை நாற்பத்தொன்று. ஆப்சென்ட் யாருமில்லை.